ஸ்கைரிமில் எந்த இனத்தை எடுப்பது? ஆர்பிஜி கேம்களில் இத்தனை இனங்கள் எதற்கு?

நாமே ஒரு பாத்திரமாக மாறி ஆடும் ஆர்பிஜி கேமான ஸ்கைரிமைத் தொடங்கப் போகிறேன், பத்து இனங்களைப் பார்த்து முழிக்கிறேன், இனம் மாறினால் ஆட்டமும் மாறுமா இல்லை மூஞ்சி மட்டும்தான் மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு திறமையில் 10 புள்ளி, வேறு ஐந்தில் ஐந்தைந்து புள்ளி கூடக் கிடைக்கும். கொஞ்ச நாள் ஆடினால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். யாரும் எதையும் கற்றுக்கொள்ளலாம். கடைசிவரை கூட வருவது பிறவிக் குணம்தான். பிரெட்டனுக்கு மந்திர அடியில் 25 சதவீதம் குறையும், ஸ்கைரிம் மண்ணின் மக்களான நார்டுக்குக் குளிர் அடி பாதிதான் உறைக்கும், ஆர்கோனியன் தண்ணீருக்குள் மூச்சு விடுவான். அதிகம் சாகாமல் ஆட வேண்டுமென்றால் பிரெட்டனை எடுங்கள்.

நான் எடுத்தது ஆர்கோனியன், அதாவது பல்லி மனிதன்.

2022 மார்ச் கடைசி. இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய காலம். சித்தி மகனின் பழைய லெப்டொப், பற்றரி செத்துப்போனது, வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். ஸ்கைரிம் தொடங்கும்போது நம் கையைக் கட்டி, கைதியாகக் குதிரை வண்டியில் கொண்டுபோவார்கள். அந்த வழியை முழுக்கப் போயே ஆக வேண்டும். வண்டி நின்றதும் பட்டியலோடு நிற்கும் சிப்பாய் நீ யார் என்று கேட்பான். அப்போதுதான் இனமும் முகமும் தேர்ந்தெடுக்கும் திரை வரும். கொம்பு, செதில் நிறம், கண் என்று ஒன்றரை மணி நேரம் செதுக்கினேன். கரண்ட் போனது. மறுநாள் புதிதாகத் தொடங்கினேன், அதே வண்டி, அதே பேச்சு, மறுபடி கரண்ட். மூன்றாம் நாள் வந்த கொம்பே போதும் என்று விட்டுவிட்டேன். எப்படியும் முதுகைப் பார்த்துத்தானே ஆடப்போகிறோம்.

பக்கத்தில் அப்பாயி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். "என்னடா இது, பல்லிக்குச் சட்டை மாட்டி வச்சிருக்க?"

சிப்பாய் ஒவ்வொரு இனத்திடமும் ஒவ்வொரு மாதிரிப் பேசுவான். ஆர்கோனியனைப் பார்த்ததும் ரிஃப்டன் துறைமுகத்தில் கூலி வேலை செய்கிறவர்களுக்குச் சொந்தமா என்று கேட்பான். அப்புறம் பட்டியலைப் புரட்டுவான். நம் பெயர் அதில் இருக்காது. இல்லாவிட்டால் என்ன, தலையை வெட்டு என்பாள் மேலதிகாரி. சிப்பாய் வருத்தத்தோடு, உன் உடம்பைப் பிளாக் மார்ஷுக்கு, அதாவது ஆர்கோனியன்களின் நாட்டுக்கு, அனுப்பி வைக்கிறோம் என்பான். இதே இடத்தில் நார்டிடம், சொந்த மண்ணிலாவது சாகிறாய் என்று சொல்வான்.

இதை அப்பாயிக்குத் தமிழில் சொன்னேன். உலக்கை நின்றது.

"அவன் அங்கயா பொறந்தான்?"

"அது சொல்லல அப்பாயி."

"அப்புறம் எதுக்கு அங்க அனுப்புறானுங்க?"

அப்பாயியின் அண்ணன் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு நாள், இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னார் போகும் கோச்சியில் (ரயிலில்) ஏற்றிவிட்டார்கள். அவர் அதுவரை கடலையே பார்த்ததில்லை. என் பிறப்புச் சான்றிதழிலும் இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழர் என்றுதான் இருக்கிறது. நான் இந்தியாவை மேப்பில் பார்த்ததோடு சரி.

அதனால் எனக்கு இனங்களின் எண்ணிக்கை பெரிய விஷயமே இல்லை. அந்த உலகம் என்னைப் பார்த்து என்ன சொல்கிறது என்றுதான் பார்ப்பேன். 2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸில் மனிதர், கூர்க்காது எல்ஃப், குள்ளர் என்று மூன்றே இனம். ஆனால் ஆறு விதமான தொடக்கம் உண்டு. நகரத்து எல்ஃபாகப் பிறந்தால் மதில் கட்டி ஒதுக்கிய சேரியில், உங்கள் கல்யாண நாளன்று கதை தொடங்கும். பிரபு வீட்டு மனிதனாகப் பிறந்தால் கோட்டைக்குள் தொடங்கும். ஸ்கைரிமின் பத்தை விட இந்த மூன்றுக்கு எடை அதிகம். 2023இல் வந்த பல்தூர்ஸ் கேட் 3இல் 11 இனம். டிரோ என்ற பாதாள எல்ஃபாகப் போனால் கோப்ளின் என்ற குட்டி அரக்கர்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிடும், மற்றவர்கள் பேசிச் சமாளிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிதான்.

உடம்பு அமைப்பையும் சும்மா விடாத கேம்கள் உண்டு. ஸ்கைரிம் வரிசையில் 2002இல் வந்த பழைய பாகமான மொரோவின்டில் பல்லி இனத்துக்கும் பூனை இனத்துக்கும் பூட்ஸ் மாட்ட முடியாது, முகம் மூடிய தலைக்கவசமும் கிடையாது. எரிச்சல்தான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும். அடுத்த பாகத்திலேயே அதை எடுத்துவிட்டார்கள். டிராகன்ஸ் டாக்மா என்ற கேமில் எடை கூடிய உடம்பு அதிகம் சுமக்கும். ஈர்க்குச்சி உடம்போடு நாள் முழுக்கக் கொழுந்து சுமக்கும் எங்கள் சித்தியைப் பார்த்தவன் என்பதால் அந்தக் கணக்கை மட்டும் நான் நம்பமாட்டேன்.

சரி, அடிக்கடி சாவதைப் பற்றிக் கவலை இல்லையென்றால் உங்களுக்கு என் சிபாரிசு ஆர்கோனியன், அல்லது பூனை இனமான கஜீத். ஒன்று மட்டும், ஸ்கைரிம் இந்த விஷயத்தில் பாதி வழியில் ஏமாற்றும். கஜீத் வியாபாரிகளை நகரத்துக்குள் விடமாட்டார்கள், வாசலுக்கு வெளியேதான் கூடாரம். வின்ட்ஹெல்ம் நகரில் ஆர்கோனியன்கள் மதிலுக்கு வெளியே, துறைமுகத்திலேயே தங்கி மூட்டை தூக்க வேண்டும், கூலியும் நார்டை விடக் குறைவு. இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் என் பல்லியோடு வாசலுக்குப் போனேன், ஒருவரும் மறிக்கவில்லை. கொஞ்ச நாளில் உள்ளேயே வீடும் வாங்கிவிட்டேன். அப்பாயியைக் கூப்பிட்டு, கல்வீடு, மாடி, அடுப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"பத்திரம் அவன் பேர்லயா எழுதினாங்க?"

"சாவி மட்டும்தான் கொடுத்தாங்க அப்பாயி."