ஆச்சிக்குப் புத்தி பேதலிக்கல, அண்ணாச்சி

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிஞ்ச மூணாம் நாள் ராத்திரி ஆச்சி உங்களையே ‘நீ யாருலே?’ன்னு கேட்டு, அம்பாசமுத்திரம் போகணும்னு டியூபைப் பிடுங்குறதா எழுதியிருக்கீங்க. பகல்ல தெளிவு, ராத்திரி குழப்பம்னா பெரும்பாலும் டெலிரியம்தான், அதாவது உடம்பு முடியாதப்ப திடீர்னு வர்ற மனக்குழப்பம்; வயசானவங்களுக்கு அடிக்கடி வரும். மயக்க மருந்தை மட்டும் திட்டாதீங்க. முழு மயக்கம் கொடுக்காம முதுகுல மரத்துப்போற ஊசி போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். 2021ல வந்த பெரிய ஆய்வுல குழப்பம் வர்றதுல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசமில்ல.

மூத்திர அடைப்பு, மலச்சிக்கல், கிருமித் தொற்று, ரத்தத்துல சோடியம் (உப்பு) குறைவு, வலி எல்லாத்தையும் இன்னைக்கே டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க. நீங்களா தூக்க மாத்திரை கொடுத்துராதீங்க, குழப்பம் கூடும். கண்ணாடி, காது மிஷினை மாட்டிவிடுங்க. சொந்தக்காரங்க வரிசையா வந்து ‘என்னைத் தெரியுதா ஆச்சி?’ன்னு பரீட்சை வைக்கதை முதல்ல நிறுத்தணும்.

பெரும்பாலும் சில நாள்ல தெளியும். மறதி கொஞ்சம் இழுக்கலாம். எழுப்பினாலும் எழும்பாம தூங்கிக்கிட்டே கிடந்தா அமைதியாயிட்டாங்கன்னு நினைக்காதீங்க, உடனே நர்ஸைக் கூப்பிடுங்க.