எடை மெஷினுக்கு எச்ஆர் அறையில் என்ன வேலை?

கேள்வி: எங்கள் ஐடி கம்பெனியில் 'ஃபிட்னஸ் சேலஞ்ச்' நடக்கிறது. தினமும் 10,000 அடி நடந்து ஆப்பில் காட்ட வேண்டும். போன வாரம் எல்லோருக்கும் எடை பார்த்து, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) லிஸ்ட்டை டீம் வாட்ஸ்அப் குரூப்பிலேயே போட்டுவிட்டார்கள். நான் 94 கிலோ. "குண்டா இருக்கிறவங்களாலதான் நம்ம இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறுது" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். நான் வரவில்லை என்று சொல்லலாமா அண்ணா?
வாசகி, சரவணம்பட்டி

தாராளமாகச் சொல்லலாம் தங்கச்சி. கம்பெனி எல்லோருக்கும் சேர்த்து எடுக்கும் குரூப் பாலிசிக்கு ரேட் போடும்போது இன்சூரன்ஸ் கம்பெனி பார்ப்பது மொத்தக் கூட்டத்தை. எத்தனை பேர், என்ன வயது, அப்பா அம்மாவைச் சேர்த்திருக்கிறார்களா, போன வருடம் கிளெய்ம் எவ்வளவு போனது, இவ்வளவுதான். உங்கள் 94 கிலோவுக்கென்று அதில் தனிக் கணக்கு கிடையாது. மேனேஜர் எங்கேயோ அமெரிக்கச் செய்தி படித்திருப்பார். அங்கே உடல்நல இலக்கை எட்டினவருக்கு ஒரு தொகை, எட்டாதவருக்கு ஒரு தொகை என்று, காப்பீட்டுச் செலவில் 30 சதவீதம் வரைக்கும் வித்தியாசம் வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, புகையிலை என்றால் 50 சதவீதம் வரை. அங்கேயும் இலக்கை எட்ட முடியாதவருக்கு மாற்று வழி ஒன்று கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2020-ல் சொன்ன வெல்னஸ் (உடல்நலத் திட்டம்) விதிகள் ரிவார்டு பாயின்ட், ரெனியூவலில் தள்ளுபடி என்று பரிசு பக்கம்தான் பேசின.

இந்த சேலஞ்சால் உடம்பு இளைக்குமா என்பதையும் அமெரிக்காவிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் 160 கடைகளில், ஏறக்குறைய 33,000 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு அது, 2019-ல் வெளிவந்தது. குலுக்கல் முறையில் சில கடைகளுக்கு மட்டும் வெல்னஸ் திட்டம் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், அந்தக் கடை ஊழியர்கள் "உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம்" என்று சொல்வது மட்டும் கூடியிருந்தது. பிஎம்ஐ, பிரஷர், கொலஸ்ட்ரால், மருத்துவச் செலவு எதிலும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஊழியர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், இப்படிப்பட்ட திட்டத்தில் ஆசையாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கனவே மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்கள் என்று தெரிந்தது. நன்றாக நடக்கிறவனுக்கே பரிசும் போகிறது, அவ்வளவுதான்.

அந்த லிஸ்ட் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். எடையும் சர்க்கரையும் உங்கள் சொந்தத் தகவல். குரூப்பிலிருந்து எடுக்கச் சொல்லி எச்ஆருக்கு மெயிலில் எழுதுங்கள், வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். ஆப்பில் ஏறும் விவரம் யார் கைக்குப் போகிறது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போகிறதா என்றும் அதே மெயிலில் கேளுங்கள். மற்றபடி, நடப்பது நல்லதுதான். கோவை ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர், அங்கே உங்கள் எடையை யாரும் கேட்கப்போவதில்லை.

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன், சம்பளம் 14,000. கேம்ப்பில் பார்த்ததில் சர்க்கரை இருக்கிறது, எடையும் அதிகம் என்றார்கள். "சோறைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்கள். இன்சூரன்ஸ் எடுக்க எனக்கு வசதியில்லைங்க.
ஒரு சகோதரி, திருப்பூர்

உங்களுக்கு இன்சூரன்ஸ் ஏற்கனவே இருக்கிறதும்மா. சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். 21,000 வரைக்கும் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது மாதம் 105 ரூபாய். கம்பெனி பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். ஐடி பார்க்கில் லட்சத்தில் சம்பளம் வாங்குகிறவர் தன் பெயரில் தனியாக எடுக்கிற பாலிசியில்கூட இல்லாத சௌகரியம் இதில் ஒன்று உண்டு. எடையைப் பார்த்துப் பணம் கூட்ட மாட்டார்கள், சர்க்கரை முன்னாலேயே இருந்தது, மூன்று வருடம் பொறு என்றும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரர், பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கலாம், பெரிய வைத்தியம் என்றால் கோவை சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் சான்றோடு லீவு போட்டால், 78 நாள் பங்களிப்புக் கணக்கு சரியாக இருந்தால், வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் வரும். கூட்டம், காத்திருப்பு எல்லாம் இருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை.

பீஸ் ரேட்டுக்கு இஎஸ்ஐ இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவர்களுக்கும் உண்டு. சோற்றை அடியோடு விட வேண்டாம், தட்டில் பாதி காயும் பருப்பும் வரட்டும். ஓவர்டைமோடு ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி பத்தரைக்கு மேல் சாப்பிடும் பரோட்டாவை முதலில் நிறுத்துங்கள்.

கேள்வி: என்னிடம் 80 பேர் வேலை செய்கிறார்கள். இன்சூரன்ஸ் புரோக்கர் பாலிசியோடு 'வெல்னஸ் பேக்கேஜ்' வாங்கச் சொல்கிறார். ஆப், யோகா வகுப்பு, வருடம் ஒரு கேம்ப். வாங்கலாமா?
ஒரு தொழில்முனைவோர், ஈரோடு

ஏனுங்க, அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு முதலில் உங்கள் டீ வண்டியைப் பாருங்கள். பதினோரு மணிக்கு டீயும் போண்டாவும், நாலு மணிக்கு டீயும் தேங்காய் பன்னும், ஓவர்டைம் என்றால் இன்னொரு டீயும் பப்ஸும். நம்ம கொங்குப் பக்கம் தெருவுக்கு நாலு பேக்கரி வைத்துக்கொண்டு, தொழிலாளிக்குத் தொப்பை ஏன் வருகிறது என்று கேம்ப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் வீட்டில் குடிப்பதையும் சேர்த்து நாலு டீயில் 40 கிராம் போய்விடும். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரைச் சர்க்கரை டீ, போண்டாவுக்குப் பதில் சுண்டலோ அவித்த முட்டையோ கொடுங்கள். நாமக்கல் என்ன தூரமா?

அடுத்து நேரம். பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு யோகா மேட் கொடுத்தால் அதில் படுத்துத் தூங்கத்தான் தோன்றும். அப்புறம் உட்காருவது. ஜவுளிக் கடையில் நாளெல்லாம் நிற்கிறார்கள் என்று 2021-ல் தமிழ்நாட்டில் உட்காரும் உரிமைக்கே சட்டம் போட வேண்டி வந்தது, ஆபீஸ் ஸ்டாஃபுக்கோ எழுந்திருக்க ஒரு காரணம் தேவைப்படுகிறது. இதையெல்லாம் செய்தும் பணம் மிச்சம் என்றால், இஎஸ்ஐ வரம்பைத் தாண்டின ஸ்டாஃபுக்குக் காப்பீட்டுத் தொகையை உயர்த்துங்கள். கேம்ப்பை அரசாங்கமே நடத்துகிறது, தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று 2024-லிருந்து ஆலைகளுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிறார்கள். சுகாதாரத் துறையில் கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். பத்தில் நாலு பேருக்கு ஒரே சமயத்தில் மனக்கட்டுப்பாடு போய்விட்டது என்று சொன்னால் நம்புவீர்களா?

கேள்வி: உயரம் 165 செ.மீ., எடை 110 கிலோ. எடை குறைப்பு ஆபரேஷனுக்கு பாலிசியில் பணம் வரும் என்று ஏஜென்ட் சொல்கிறார். நிஜமா?
வாசகர், பொள்ளாச்சி

வரலாம், நிபந்தனையோடு. உங்கள் பிஎம்ஐ 40-க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், டாக்டர் பரிந்துரை வேண்டும், பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேல் என்றால் இதய நோய், கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் மாதிரி ஏதாவது ஒன்றும் சேர்ந்திருக்க வேண்டும், வேறு வழிகளை முயன்று பலிக்காமலும் போயிருக்க வேண்டும். இன்றைக்குப் பாலிசி எடுத்து அடுத்த மாதம் ஆபரேஷன் என்பது நடக்காது. ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு 36 மாதம் வரை போகும், இந்த ஆபரேஷனுக்குத் தனியாகவும் போட்டிருப்பார்கள். ஏஜென்ட் வாயைப் பார்க்காமல் பாலிசித் தாளில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். படிவத்தில் எடையைக் குறைத்து எழுதலாம் என்று அவர் சொன்னால் ஏஜென்ட்டை மாற்றுங்கள், கிளெய்ம் வரும்போது அது உங்கள் கழுத்துக்குத்தான் வரும்.

கேள்வி: அப்பா அம்மாவை ஆபீஸ் பாலிசியில் சேர்த்திருக்கிறேன். தனியாக எதற்கு இன்னொன்று?
வாசகர், கரூர்

வேலை போனால் பாலிசியும் போகும், அதற்குத்தான். வேலையை விடுவதற்கு முன்பே அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசிக்கு மாற முடியுமா என்று எழுதிக் கேளுங்கள், மாறினால் முடிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை. அப்பாவுக்கு வயது 60 நெருங்குகிறது என்றால் இந்த மாதமே விசாரியுங்கள்.