படம் மட்டும் ஏன் காணாமல் போகிறது?

கேள்வி: அண்ணாச்சி, என் மகன் மஸ்கட்டில் பார்த்த ஒரு படம், லீவுக்கு வந்தபோது அதே கணக்கில் தேடியும் இங்கே வரவில்லை. நான் பாதி பார்த்து வைத்திருந்த இன்னொரு படமும் ஆப்பிலிருந்து போய்விட்டது. ஆனால் அதன் பாட்டு மட்டும் எந்த ஆப்பைத் திறந்தாலும் இருக்கிறது. ஏன்?
- தக்கலை வாசகி

பதில்: வடசேரியில் கேசட் கடை நடத்தியவன் நான். படமும் பாட்டும் தனித்தனி வியாபாரம் என்பது அப்போதே தெரியும். தயாரிப்பாளர் பாட்டை ஓர் ஆடியோ கம்பெனிக்கு விற்பார். டிவி உரிமையும் ஓடிடி உரிமையும் வேறு வேறு கைக்குப் போகும். ஆடியோ கம்பெனி எல்லா ஆப்புக்கும் பாட்டைக் கொடுக்கும். சந்தா, விளம்பரப் பணத்தில், பாட்டு ஓடிய அளவுக்குப் பங்கு வரும் என்பதால் எத்தனை இடத்தில் ஓடுகிறதோ அத்தனை நல்லது. என் கடையிலும் எதிர்க்கடையிலும் ஒரே கேசட் தொங்கியதும் இதனால்தான்.

ஓடிடி கணக்கு வேறு. பெரும்பாலும் ஒரு தொகை பேசி, இத்தனை வருஷம், இன்னின்ன நாடு, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்குவார்கள். ‘இந்தப் படம் எங்களிடம் மட்டும்தான்’ என்றால்தானே நீங்கள் சந்தா கட்டுவீர்கள்! கெடு முடிந்து புதுப்பிக்காவிட்டால் படம் போய்விடும். சில நாள் கழித்து வேறு ஆப்பில் தலைகாட்டலாம். வளைகுடா உரிமையும் இந்திய உரிமையும் வேறு வேறு ஆளிடம் இருக்கலாம். கணக்கு மஸ்கட்டில் தொடங்கியதா என்பதல்ல, இப்போது எந்த நாட்டிலிருந்து பார்க்கிறீர்கள் என்பதுதான் பெரும்பாலும் ஆப்புக்கு முக்கியம்.

அதற்காகப் பாட்டு நிரந்தரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2019 ஏப்ரலில், முன்பு எச்.எம்.வி. என்று இருந்த ஆடியோ கம்பெனியான சரிகமவுக்கும், பாட்டு ஆப்பான ஸ்பாட்டிஃபைக்கும் ஒப்பந்தம் படியாமல், பழைய எச்.எம்.வி. பாட்டெல்லாம் அந்த ஆப்பிலிருந்து போய், 2020இல்தான் திரும்பி வந்தன. படம் ஒவ்வொன்றாகப் போகும்; பாட்டு போனால் கம்பெனியோடு மொத்தமாகப் போகும்.

அப்புறம், டவுன்லோட் செய்து வைத்தால் தப்பிக்கலாம் என்று பார்க்காதீர்கள். உரிமை முடிந்தால் அதுவும் திறக்காது. ஒரு படத்துக்காக வருஷச் சந்தா கட்டவும் வேண்டாம், ஒரு மாதத்துக்குக் கட்டிப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். பாதியில் விட்ட படத்தின் பெயரை எழுதாமல் விட்டுவிட்டீர்களே! எழுதிப் போடுங்கள், இப்போது எந்த ஆப்பில் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.