சிபாரிசு லெட்டர விடுங்கண்ணா, பாப்பாவோட ரெக்கார்ட் புக்க எடுத்துக்கினு வாங்க

அண்ணா, நேத்து போன்ல பேசினதுல இருந்து உங்க குரல்தான் காதுல கேட்டுக்கினே இருக்குது, பொண்ணு பிஎஸ்சி நர்சிங் முடிச்சி ஆறு மாசம் ஆயிடுச்சி, எட்டு எடத்துக்கு அப்ளை பண்ணி ஒரு எடத்துல இருந்தும் கூப்பிடல, வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரில யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்கன்னு கேட்டீங்க. தெரிஞ்சவங்க இருக்காங்க தான். ஆனா அவங்ககிட்ட கொடுக்கற மாதிரி பாப்பாவோட பயோடேட்டா இல்ல, அத மொதல்ல பாப்போம்.

வாட்ஸப்ல நீங்க அனுப்புனத பாத்தேன். பிரவுசிங் சென்டர்ல அடிச்சது தானே? "கடின உழைப்பு, நேர்மை, குழுவாக பணிபுரிதல்"னு இருக்குது, போன வாரம் ஆம்பூர்ல இருந்து வந்த பொண்ணு காட்டுனதுலயும் இதே வரி, ஒரு கமா கூட மாறல. இது 1909லயே சிஎம்சில நர்சிங் ஸ்கூல் ஆரம்பிச்ச ஊருண்ணா, 1946ல டிகிரி கோர்ஸே வந்துடுச்சி, இங்க தெருவுக்கு ஒரு நர்ஸ் இருக்காங்க, பயோடேட்டா பாக்கறவங்களும் நர்சா இருந்து மேல வந்தவங்க தான். நேர்மைன்னு எழுதினா அவங்க என்னத்த கண்டாங்க?

மேல பேருக்கு பக்கத்துலயே தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் வரணும். அது கையில வந்துடுச்சா இல்லியான்னு நீங்க சொல்லவே இல்ல. அதுக்கு கீழ பாப்பாவோட கை என்ன செஞ்சுதுன்னு எழுதணும். எந்த வார்டு, எத்தன பெட், ஒரு ஷிப்ட்ல எத்தன பேஷன்ட்ட பாத்துக்கினா, ஐவி லைன், அதாவது சலைன் ஏத்தற ஊசி, தானே போட்டாளா இல்ல சிஸ்டர் பக்கத்துல நின்னாங்களா, பிரசவம் எத்தன சும்மா பக்கத்துல நின்னு பாத்தா, எத்தனைய கூட சேந்து செஞ்சா. பாத்தத செஞ்சதா எழுதிடக்கூடாது, அங்க ரெண்டே கேள்வில மாட்டிக்குவா. ஆக்சிஜன் மாஸ்க் 12 பேருக்கு மாட்டுனேன்னு ஒருத்தி எழுதி இருந்தா அவள தான் கூப்பிட்டு பேசணும்னு தோணும்.

இன்னொன்னு, இந்த ஊருக்குன்னே உள்ளது. காந்தி ரோடு பக்கம் போனா லாட்ஜ் போர்டு எல்லாம் பெங்காலில இருக்கறத நீங்களே பாத்திருப்பீங்க, கொல்கத்தா, ஜார்க்கண்ட், அசாம்ல இருந்து வைத்தியத்துக்கு வராங்க, அவங்க வலிக்குதுன்னு சொல்றது கூட நம்ம புள்ளைங்களுக்கு புரியாம முழிக்குதுங்க. பாப்பா இந்தி கொஞ்சம் பேசுவா, பெங்காலில "கொத்தாய் பேத்தா", அதாவது எங்க வலிக்குதுன்னு கேக்கற அளவுக்காச்சும் கத்துக்கினா, அத பயோடேட்டால எழுதலாம், வேலூர்ல அதுக்கு தனி மதிப்பு. ஒரு மாசம் போதும்.

இன்டர்வியூல கணக்கு கேப்பாங்க. 500 எம்எல் சலைன் 4 மணி நேரத்துல போவணும், சொட்டு விடற டியூப் செட்டு எம்எல்லுக்கு 20 சொட்டு, நிமிஷத்துக்கு எத்தனன்னு கேட்டா 10,000 சொட்ட 240 நிமிஷத்தால வகுத்து 42ன்னு டக்குன்னு சொல்லணும். பேஷன்ட்டுக்கு பிபி 80/50க்கு எறங்கிடுச்சி, டியூட்டி டாக்டர் போன் எடுக்கல, என்ன பண்ணுவன்னும் கேப்பாங்க. திரும்ப திரும்ப போன் பண்ணுவேன்னு சொன்னா போச்சி. படுக்க வெச்சி, பேஷன்ட்ட விட்டு நகராம இன்னொரு சிஸ்டர கூப்பிட்டு, அடுத்த டாக்டருக்கு சொல்லச் சொல்லி, நேரத்தோட சார்ட்டுல எழுதுவேன்னு வரிசையா வரணும். தப்பு ஏதாச்சும் பண்ணி இருக்கியான்னு கேட்டா "இல்ல மேடம்"னு சொல்றவள தான் அவங்க நம்பறதில்ல, சின்ன தப்பு, ஒடனே யார்கிட்ட சொன்னேன்னு சொல்லட்டும்.

கவர்மென்ட் வேலைக்கு இதெல்லாம் எடுபடாது, தமிழ்நாடு அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கற எம்ஆர்பிக்கும், எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கு நடத்தற நார்செட்டுக்கும் பரீட்சை மார்க் தான் பேசும். நார்செட்டுக்கு பிஎஸ்சி முடிச்சவங்க நேரா எழுதலாம், ஜிஎன்எம்னு டிப்ளமா நர்சிங் முடிச்சவங்கன்னா 50 பெட் ஆஸ்பத்திரில ரெண்டு வருஷம் வேலை பாத்திருக்கணும். தப்பா எழுதினா மூணுல ஒரு பங்கு மார்க் போயிடும், குருட்டாம்போக்குல டிக் அடிக்க வேணாம்னு சொல்லி வைங்க.

இப்ப நீங்க கோவிச்சிக்கினாலும் சரி, ஒன்னு சொல்றேன். குடியாத்தத்துல அந்த சின்ன நர்சிங் ஹோம்ல அவங்களா கூப்பிட்டப்ப நைட் டியூட்டின்னு நீங்க தானே வேணாம்னீங்க? வீட்ல சும்மா இருந்த ஆறு மாசத்த விட சம்பளம் கம்மியா அங்க பாத்த ஆறு மாசம் பயோடேட்டால பெருசு. பொம்பளப் புள்ள ராத்திரில எப்படின்னு பயம், புரியுது, எனக்கும் பொண்ணு இருக்குது. வண்டி விடுவாங்களா, தங்க ரூம் உண்டான்னு போயி நேர்ல கேளுங்க. அதே சமயம் ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வெச்சிக்குவோம்னு எவன் சொன்னாலும், டெபாசிட் கட்டுங்கன்னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துடுங்க.

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு காட்பாடி வாங்க. பாப்பா காலேஜ்ல வார்டு போஸ்டிங்ல எழுதின ரெக்கார்ட் புக்கு பரண்ல இருக்கும், அத எடுத்துக்கினு வாங்க, அதுல இருந்து தான் எழுதப் போறோம். அப்புறம் அவ பேசட்டும்ணா, நீங்க வெளிய டீ குடிங்க.