விமானிகளின் 'ஸ்டாண்ட்பை' பணி என்றால் என்ன?

வேறொரு விமானி திடீரென நோயுற்றாலோ பணிநேர வரம்பைத் தொட்டுவிட்டாலோ, அவருக்குப் பதிலாகப் பறக்க ஒருவர் வீட்டிலோ விமான நிலையத்திலோ ஆயத்தமாகக் காத்திருப்பதே ஸ்டாண்ட்பை பணி. தருமபுரி பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர் வராத தடத்தை எடுக்க மாற்று ஓட்டுநர் இருப்பதைப் போன்றது இது. ஆனால் 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் பெற்றவரும், தனியே பயிற்சி பெற்ற விமான வகையை மட்டுமே இயக்கலாம் என்பதால், ஏர்பஸ் ஏ320 விமானியைப் போயிங் 737-க்கு அனுப்ப இயலாது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே ஆள் வேண்டும்.

அழைத்தால் குறித்த நேரத்துக்குள் சேர வேண்டும் என்பதால், பெங்களூரு விமான நிலையப் பணிக்குத் தருமபுரி வீட்டிலிருந்தபடி காத்திருப்பது நடவாது. ஓசூர் நெரிசல் ஒன்றே தாமதத்துக்குப் போதும்.

இதைச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை என்று பலர் எண்ணுவது தவறு. அன்றும் மது அருந்தாமல், போதிய உறக்கத்துடன், பறக்கத் தகுதியான நிலையில் அவர் இருந்தாக வேண்டும்.