அம்மாவின் பெயரும் தரவுச் சட்டமும்

வணக்கம் அக்கா. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சட்டக் கல்லூரிக்கு வந்தவள் நான். இது இறுதியாண்டு. தரவுப் பாதுகாப்பு, இணையப் பாதுகாப்புச் சட்டத்தில்தான் எனக்கு விருப்பம். "அதெல்லாம் கொழும்புக் கம்பனி வேலை, ஊரில் நாலு காணி வழக்கைப் பார்" என்கிறார் மாமா. என் படிப்பு ஊருக்கு உதவாதா?

அன்புள்ள தங்கச்சி,

மாமா சொல்வதில் பாதி சரி. சம்பளம் தரும் வேலை வங்கிகளிலும் தொலைபேசி, மென்பொருள் கம்பனிகளிலும்தான் இருக்கிறது. நீதிமன்றம் ஏறுவது குறைவு. ஒப்பந்தம் வாசிப்பதும், யாருடைய தகவல் எங்கே போகிறது என்று கம்பியூட்டர்காரரைக் கேட்டுக் கேட்டு எழுதுவதும்தான் அன்றாட வேலை. தகவல் கசிந்தால் அன்று இரவு தூக்கம் இல்லை.

ஊருக்கு உதவாது என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

என் அம்மா முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் அவர் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. எழுதியவர் காதில் விழுந்ததை எழுதிவிட்டார். வேலை செய்த காலத்தில் சேர்ந்த சேமலாப நிதியை எடுக்கப் போனால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், தோட்ட ஒபிஸ் என்று ஒன்றரை வருடம் அலைந்தோம். பஸ் காசுக்கே கடன்பட்டோம். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக நின்ற நம் மலையகச் சனத்துக்கு, கடதாசியில் ஒரு எழுத்து பிழைத்தால் என்னவாகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை முதலில் வாசித்தபோது, ஒருவர் தன்னைப் பற்றிய பிழையான தகவலைத் திருத்தக் கேட்கலாம் என்ற பிரிவில் நெடுநேரம் நின்றுவிட்டேன். அரச அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். கைரேகை, உடல்நலத் தகவல்களுக்குக் கூடுதல் காவல் உண்டு. நாளைக்குப் பெரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், விரல் பதிக்கச் சொன்னால், அந்தப் பதிவு யாரிடம் போகிறது, எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்க ஆள் வேண்டும். சட்டத்தை மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்க தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது.

ஆனால் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வர இருந்து, தள்ளிப்போயின. இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் என்று நம் நாட்டில் அதிகம் பேர் இல்லை. நீங்கள் பிந்திவிடவில்லை. 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தையும் சேர்த்து வாசியுங்கள். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் கட்டாயம் தெரிய வேண்டும், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அப்புறம், ஒரு டேட்டாபேஸ் எப்படி வேலை செய்கிறது என்று யாரிடமாவது உட்கார்ந்து பழகுங்கள்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது, லயத்து வீடுகளில் நுண்கடன் எடுத்த ஒருவரிடம் கேட்டு, அவர் கையெழுத்து வைத்த படிவத்தை வாசித்துப் பாருங்கள். அது எந்த மொழியில் இருக்கிறது, அவருடைய போன் நம்பரை யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று போட்டிருக்கிறது? பெயரை மறைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.