ஆர்வியில் நண்பர்கள் வீடுகளுக்கு ஒரு சுற்று: முதல் வாரத்தில் எத்தனை வீடு?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். நான், மனைவி, பிள்ளைகள் 2 பேர். ஜூன் கடைசியில் 27 அடி கிளாஸ் சி ஆர்வி (உள்ளேயே சமைத்துத் தூங்க வசதியுள்ள வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து 6 வாரம் சுற்றப் போகிறோம். முதல் வாரத்திலேயே மேரிலாந்து கொலம்பியா, ரிச்மண்ட், வட கரோலினா கேரி, சார்லட், அட்லாண்டா என்று 5 கல்லூரி நண்பர்களைப் பார்த்துவிட ஆசை. வண்டியை அவரவர் டிரைவ்வேயில் நிறுத்தி அதிலேயே படுத்துக்கொள்வதாகத் திட்டம். இதற்கு முன் ஆர்வி ஓட்டியதில்லை. சரிவருமா?

பதில்: 5 வீடு வேண்டாம். முதல் வாரத்துக்கு 2 வீடு போதும்.

அட்லாண்டா வரை ஏறத்தாழ 900 மைல்தான், தூரம் உங்களைப் படுத்தாது. தினமும் சாயங்காலம் புது இடத்தில் வண்டியை நிறுத்துவதுதான் ஆளை அயர்த்திவிடும். பின்னால் எடுத்து, மட்டம் பார்த்து, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து, கரண்ட் இணைத்து, ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று பார்ப்பதற்குள் புதியவர்களுக்கு முக்கால் மணி நேரம் போய்விடும். அதுவரை நண்பர் வாசலில் நிற்பார், உள்ளே சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். இதை 5 நாள் தொடர்ந்து செய்தால் உட்கார்ந்து பேசத் தெம்பு இருக்காது. பேசத்தானே இவ்வளவு தூரம் போகிறீர்கள்? கையில் 6 வாரம் இருக்கிறது. சார்லட்டும் அட்லாண்டாவும் இரண்டாம் வாரத்துக்குப் போகட்டும்.

ஆர்வி ஓட்டுபவர்களிடையே ஒரு கணக்கு உண்டு: ஒரு நாளைக்கு 200 மைலுக்கு மேல் வேண்டாம், மதியம் 2 மணிக்குள் சேர்ந்துவிடு, ஒரே இடத்தில் 2 இரவு தங்கு. பழகியவர்கள் இதையே 300 மைல், 3 மணி, 3 இரவு என்று கூட்டிக்கொள்வார்கள். முதல் வாரத்துக்கு நீங்கள் 2-ஐ விட்டுத் தாண்டாதீர்கள். கூகுள் காட்டும் நேரத்தோடு கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பரிடம் எந்தத் தேதி என்று மட்டும் சொல்லுங்கள், எத்தனை மணிக்கு என்று சொல்லாதீர்கள்.

முதல் 2 இரவும் யார் வீட்டிலும் தங்க வேண்டாம். எடிசனிலிருந்து சுமார் 100 மைலில், மேரிலாந்து எல்க்டன் பக்கம், கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் இருக்கும் கேம்ப்கிரவுண்டாகப் பாருங்கள். வண்டியில் இருப்பதை எல்லாம் அங்கே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்: ஏசி, வாட்டர் ஹீட்டர், அடுப்பு, ஷவர், கழிவு டேங்க் காலி செய்வது. ஏதாவது ஒன்று வேலை செய்யவில்லை என்றால் வாடகைக்குக் கொடுத்த இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதே கோளாறு கேரியில் தெரியவந்தால் உங்கள் பாடு திண்டாட்டம்தான். வண்டியை எடுக்கும்போது அவர்கள் செய்து காட்டுவதை எல்லாம் போனில் வீடியோ எடுத்துவையுங்கள்.

அடுத்தது பால்டிமோர். எல்க்டனிலிருந்து கொலம்பியாவுக்கு மேப் உங்களை ஐ-95-இல் நேராக ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கத்துக்குள் அனுப்பும். ஆர்வியில் இருக்கும் அளவு புரொப்பேன் (அடுப்பு எரியும் வாயு) சிலிண்டரோடு அதற்குள் போகக் கூடாது. பக்கத்து ஹார்பர் சுரங்கத்துக்கும் அதே தடைதான். முன்பு ஆர்விக்காரர்கள் கீ பாலம் வழியாகச் சுற்றிப் போவார்கள். அது 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி விழுந்துவிட்டது. நீங்கள் ஒயிட் மார்ஷ் அருகே ஐ-695-இல் டவ்சன் பக்கம் திரும்பி, ஊரை மேற்காகச் சுற்றி மறுபடியும் ஐ-95-ஐப் பிடியுங்கள். சாதாரண மேப்புக்கு உங்கள் வண்டியின் உயரமும் தெரியாது. உயரத்தையும் புரொப்பேனையும் கணக்கில் எடுக்கும் ஆர்வி ஜிபிஎஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசியோடு சேர்த்து வண்டி எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். பெட்ரோல் பங்கின் கூரைக்கும் அது உதவும்.

இப்போது டிரைவ்வே. நண்பர் 'தாராளமா வாப்பா' என்றுதான் சொல்வார். அவருடைய எச்ஓஏ (குடியிருப்புச் சங்கம்) அப்படிச் சொல்லாது. பல குடியிருப்புகளில் ஆர்வி நிறுத்தவே விடமாட்டார்கள், சிலவற்றில் ஓரிரு நாள் விடுவார்கள், சில ஊர்களில் நகராட்சியே விதி வைத்திருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடச் சொல்லுங்கள். தெருவிலிருந்து டிரைவ்வே ஏறும் இடத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கிளாஸ் சி வண்டிக்குப் பின்சக்கரத்துக்குப் பின்னால் உடல் நீளமாகத் தொங்கும். செங்குத்தான ஏற்றத்தில் அது தரையில் உரசும், திரும்பும்போது எதிர்ப்பக்கம் வீசி அஞ்சல் பெட்டியைச் சாய்க்கும். தாழ்ந்த கிளை, ஒயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கரண்ட் விஷயத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் வண்டிக்கு கேம்ப்கிரவுண்டில் 30 ஆம்ப், அதாவது 3,600 வாட் கிடைக்கும். நண்பர் வீட்டு கராஜ் பிளக்கில் பெரும்பாலும் 15 ஆம்ப், 1,800 வாட்தான். ஏசி மட்டுமே 1,500 வாட் வரை இழுக்கும், கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். அதனால் ஃபிரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும் புரொப்பேனுக்கு மாற்றுங்கள், மைக்ரோவேவைத் தொடாதீர்கள். கராஜில் இருக்கும் ஃபிரிட்ஜ் அதே பிரேக்கரில் இருக்கிறதா என்று கேளுங்கள். எக்ஸ்டென்ஷன் கார்டு 12 கேஜ் அல்லது அதைவிடத் தடிமனாக, முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். ஏசி போட்ட அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உடனே ஏசியை நிறுத்திவிட்டு, தயங்காமல் வீட்டுக்குள் போய்ப் படுங்கள். குடியிருப்புத் தெருவில் ராத்திரி ஜெனரேட்டர் ஓட்டுவது நண்பருக்கு அக்கம்பக்கத்தில் கெட்ட பெயர்.

கழிவு டேங்கை நண்பர் வீட்டில் காலி செய்ய நினைக்காதீர்கள். கேம்ப்கிரவுண்டை விட்டுக் கிளம்பும் காலையில் முடித்துவிடுங்கள்: கையுறை போட்டுக்கொண்டு முதலில் கழிவறையின் பிளாக் டேங்க், அப்புறம் சிங்க், ஷவர் தண்ணீர் சேரும் கிரே டேங்க், அந்தத் தண்ணீரிலேயே குழாய் அலசப்பட்டுவிடும். குழாய் மாட்டியே இருந்தாலும் பிளாக் டேங்க் வால்வை மூடியே வையுங்கள். திறந்துவைத்தால் தண்ணீர் ஓடிவிடும், கெட்டியானது தங்கி இறுகிவிடும்.

நம் சமையலுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குழம்பு, எண்ணெய், சோற்றுப் பருக்கை எல்லாம் கிரே டேங்கில் சேர்ந்தால் நாற்றம் தாங்காது. தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். தாளிப்பதற்கு முன் கூரை ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திறங்கள், இல்லாவிட்டால் ஸ்மோக் அலாரம் அலறும். ஃபிரிட்ஜ் குளிர ராத்திரி முழுவதும் ஆகலாம், மாவு டப்பாவை அதற்கப்புறம் வையுங்கள். டப்பாவைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

ஆக, வாரம் இப்படி அமையட்டும்: எல்க்டனில் 2 இரவு, கொலம்பியா நண்பர் வீட்டில் 2 இரவு. ஐந்தாம் நாள் காலை நெரிசல் அடங்கியபின் கிளம்பி, ரிச்மண்டைத் தாண்டிப் பீட்டர்ஸ்பர்க் பக்கம் ஒரு கேம்ப்கிரவுண்டில் 1 இரவு (2 இரவுக் கணக்கை இங்கே மட்டும் தளர்த்திக்கொள்ளலாம்). வாஷிங்டனுக்கும் ஃப்ரெடரிக்ஸ்பர்க்குக்கும் நடுவே ஐ-95 வெள்ளி மாலையில் நகராது, அந்த நேரம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். ரிச்மண்ட் நண்பரைக் குடும்பத்தோடு அங்கே வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஓடியாடுவார்கள், நீங்கள் நெருப்பு மூட்டி உட்கார்ந்து பேசலாம். நண்பர்களைப் பார்க்க எனக்குப் பிடித்த வழியே இதுதான். அப்புறம் கேரியில் 2 இரவு.

ஜூன் கடைசியில் கிளம்பினால் ஜூலை 4 விடுமுறை இந்த வாரத்தோடோ அடுத்த வாரத்தோடோ மோதும். அப்போது கேம்ப்கிரவுண்டுகள் நிரம்பி வழியும். எல்க்டன், பீட்டர்ஸ்பர்க் இரண்டையும் முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கப்புறம் நண்பர்களிடம் தேதி சொல்லுங்கள்.